நீர் ஒரு பக்கம், உரம் ஒரு பக்கமா?

நெல் சாகுபடியைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவற்றைப் புரட்டிப் பாருங்கள். 'நீர் நிர்வாகம்' என்று ஒரு தலைப்பு இருக்கும். 'உர நிர்வாகம்' என்று மற்றொரு தலைப்பு இருக்கும். முதல் தலைப்பின்கீழ், எந்தப் பருவத்தில் எத்தனை சென்டிமீட்டர் நீர் கட்ட வேண்டும் என்ற விவரம். இரண்டாவதன்கீழ், ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து, அதை எத்தனை தவணைகளாக இட வேண்டும் என்ற விவரம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. வயலில் அப்படி ஒரு சுவர் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரப்புக்குள் நிற்கும் நீர்தான், அதில் விழும் யூரியாவின் கதியை முடிவு செய்கிறது. நீரை மாற்றினால் உரத்தின் கணக்கும் மாறும். இந்த உறவைச் சொல்லாமல் நீரை மட்டும் குறைக்கச் சொல்வதும், உரத்தை மட்டும் குறைக்கச் சொல்வதும் பாதி அறிவியலே. பாதி அறிவியலை நம்பிச் செயல்படும் உழவருக்கு வரும் நட்டமோ முழு நட்டம். எனவே இப்பொருளைச் சற்று விரிவாகக் காண்போம்.

சேற்றுக்குள் நடப்பது என்ன?

வயலில் நீர் கட்டியவுடன், மண்ணின் துளைகளில் இருந்த காற்று வெளியேறுகிறது. எஞ்சிய ஆக்சிஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களுக்குள் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் மண் இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பில், சில மில்லிமீட்டர் கனமே உள்ள பழுப்பு நிற அடுக்கு ஒன்று; இதில் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே சாம்பல் நிறமும் நீலமும் கலந்த சேறு. இதில் ஆக்சிஜன் இல்லை. நெற்பயிர் இங்கே மூச்சு முட்டிச் சாகாமல் இருப்பதற்குக் காரணம், தண்டினுள் உள்ள காற்றறைகளின் வழியாக ஆக்சிஜனை வேர்வரை இறக்கிக்கொள்ளும் அமைப்பு அதற்கு இருப்பதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹாரிசன், சுப்பிரமணிய ஐயர் ஆகிய இரு வேதியியலாளர்கள், 1913 முதல் சில ஆண்டுகள் நெல் வயலின் சேற்றிலிருந்து வெளிவரும் வாயுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சேற்றில் மீத்தேன் உண்டாவதையும், மண்ணின் மேற்பரப்பில் படியும் பாசியும் நுண்ணுயிர்களும் அவ்வாயுக்களை மாற்றி அமைப்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். பின்னர், பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கை அறிஞர் பொன்னம்பெருமா, நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியலை 1972-இல் விரிவாகத் தொகுத்தளித்தார். அடிப்படை அறிவு நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அது கையேட்டின் பக்கங்களுக்குள் இணைந்து வராததுதான் குறை.

இனி யூரியாவுக்கு வருவோம். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைட்ரஜன் உண்டு. நீரில் விழுந்த யூரியா, மண்ணிலும் நீரிலும் உள்ள நொதியால் சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. இந்த அம்மோனியம் மூன்று வழிகளில் செல்லலாம்.

முதல் வழி, பயிரின் வேர். நாம் விரும்புவது இதைத்தான்.

இரண்டாவது வழி, வானம். நிற்கும் நீரில் பாசி வளர்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும்போது நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால், நீரின் காரத்தன்மை ஏறுகிறது. நண்பகலில் அதன் பி.எச். அளவு 9-ஐயும் தாண்டுவது உண்டு. இரவில் மீண்டும் இறங்கிவிடும். கார நீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. நடவு செய்து இரண்டு மூன்று வாரங்களில், பயிர் இன்னும் வயலை மூடாத நிலையில், வெயிலும் காற்றும் உள்ள நாளில் நிற்கும் நீரில் யூரியாவை வீசினால், அதில் பெரும் பங்கு இவ்வாறே போய்விடும். சில சூழ்நிலைகளில் பாதிவரைகூடப் போவது உண்டு.

மூன்றாவது வழி சற்றுச் சுற்றுவழி. மேலடுக்கின் ஆக்சிஜனில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. அது நீரோடு கீழே இறங்கி, ஆக்சிஜன் இல்லாத அடுக்கை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்திச் சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாகவும் ஓரளவு நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேற்றிவிடுகின்றன. காற்றிலிருந்து பெரும் ஆற்றல் செலவிட்டுப் பிடித்து வந்த நைட்ரஜன், மீண்டும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

மூன்று மூட்டையில் ஒன்று

நிறை எண் 15 கொண்ட நைட்ரஜனை அடையாளமாகக் கலந்து செய்யும் சோதனைகள், இந்தக் கணக்கைத் தெளிவாக்கியுள்ளன. வழக்கமான முறையில் வீசப்படும் தழைச்சத்தில், தாழ்நில நெற்பயிர் எடுத்துக்கொள்வது சுமார் 30 முதல் 40 விழுக்காடுதான். ஒரு பகுதி மண்ணில் தங்கும், மற்றது இழப்பு. எளிதாகச் சொன்னால், விலை கொடுத்து வாங்கிய மூன்று மூட்டைகளில் ஏறத்தாழ ஒன்றுதான் பயிருக்குச் சேர்கிறது.

இதோடு இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ளுங்கள். உரமிட்ட வயலிலும்கூட, பயிர் எடுக்கும் நைட்ரஜனில் பாதிக்குக் குறையாத பங்கு பெரும்பாலும் மண்ணிலிருந்தே கிடைக்கிறது. தொழு உரமும் பசுந்தாள் உரமும் சேர்த்து மண்ணைப் பேணி வந்த பழக்கம் வெறும் பழமைப் பற்று அன்று என்பது இதனால் விளங்கும்.

நீரின் கணக்கு என்ன? ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால், அது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். ஒரு கிலோ நெல் விளைவிக்க, மழையும் பாசனமும் சேர்த்து, வயலுக்குத் தரப்படும் நீர் உலக அளவில் சராசரியாக 2,500 லிட்டர் என்று மதிப்பிட்டுள்ளனர். இதில் பயிரின் வழியாகவும் வயலின் மேற்பரப்பிலிருந்தும் ஆவியாவது ஒரு பங்கு; மற்றது கசிந்தும் வழிந்தும் போவது. அப்படிப் போகும் நீர் வெறுங்கையோடு போவதில்லை. கரைந்த தழைச்சத்தையும் எடுத்துக்கொண்டே போகிறது. அது அடுத்த வயலுக்கோ, வாய்க்காலுக்கோ, ஊரின் குடிநீர்க் கிணற்றுக்கோ சென்று சேர்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி. ஆகவே இது வயலோடு முடியும் பிரச்சினை அன்று. பச்சிளங் குழந்தையின் உடல்நலம் வரை வருவது.

பச்சை என்னும் மயக்கம்

"பயிர் கருகருவென்று இருக்கிறது" என்று சொல்வதில் உழவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் கரும்பச்சை எப்போதும் நலத்தின் அறிகுறி ஆகாது. தேவைக்கு மேல் தழைச்சத்து ஏறிய பயிரின் திசுக்கள் மென்மையாகின்றன. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அதை நாடி வருகின்றன. குலை நோய் எளிதில் பற்றுகிறது. தண்டு நீண்டு, கதிர் முற்றும் வேளையில் காற்றடித்தால் சாய்ந்துவிடுகிறது. பிறகு பூச்சிமருந்துச் செலவு, அறுவடைச் செலவு என்று கணக்கு நீள்கிறது. மூட்டைக்குச் செலவழித்தது போக, மூட்டையால் வந்த செலவும் சேர்கிறது.

இதற்கு ஓர் எளிய மருந்து உண்டு. 'இலை வண்ண அட்டை' என்பது பச்சை நிறத்தின் பல படிகளை வரிசையாகக் கொண்ட ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டை. முழுதும் விரிந்த மேல் இலையை, நேர் வெயில் படாமல் உடல் நிழலில் வைத்து, அட்டையோடு ஒப்பிட வேண்டும். இவ்வாறு பத்து இலைகளைப் பார்க்க வேண்டும். நடவு செய்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கி, வாரம் ஒருமுறை பார்த்து வரலாம். பாதிக்கு மேற்பட்ட இலைகள் குறிப்பிட்ட படிக்குக் கீழே வெளிறியிருந்தால் உரமிடலாம், இல்லையேல் காத்திருக்கலாம். தமிழ்நாட்டில் வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் படியையும், நடவு செய்யும் பிற இரகங்களுக்கு 4-ஆம் படியையும் எல்லையாகப் பரிந்துரைக்கின்றனர். நாள்காட்டியைப் பார்த்து உரமிடுவதற்கும் பயிரைப் பார்த்து உரமிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த அட்டை கற்றுத் தருகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

இனி நீர்ச் சிக்கனத்தின் பக்கம் வருவோம். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் உழவர்கள் சொல்லும் முறைக்கு இன்று உலகெங்கும் மதிப்பு ஏறியிருக்கிறது. துளைகள் இட்ட ஒரு குழாயை வயலில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதைத்து, உள்ளே நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே நீர் இறங்கிய பின்னரே மறுபடி 5 சென்டிமீட்டர் கட்ட வேண்டும். நடவுக்குப் பின் முதல் ஓரிரு வாரங்களும், பூக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரமும் மட்டும் நீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமலே 15 முதல் 30 விழுக்காடு வரை பாசன நீர் மிச்சமாகும். சேற்றுக்குக் காற்று கிடைப்பதால் மீத்தேன் வெளியீடும் பாதியளவு குறையும். நல்ல முறைதான், ஐயமில்லை.

ஆனால் இதைப் பரப்புவோர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. மேலே சொன்ன மூன்றாவது வழியை நினைத்துப் பாருங்கள். மண் காயும்போது அம்மோனியம் நைட்ரேட் ஆகிறது. மறுபடி நீர் கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகிப் பறக்கிறது. அதாவது, தவறான வேளையில் உரமிட்டுவிட்டு வயலைக் காயவிட்டால், நீரை மிச்சப்படுத்திய கையாலேயே தழைச்சத்தைத் தொலைத்தவர்கள் ஆவோம். மேலும், நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. மீத்தேன் குறைந்ததைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் ஆதாயமே மிஞ்சும். ஆனால் உரத்தை அளவோடு இட்டால்தான் அந்த ஆதாயம்.

அதே முறை, நன்றாகப் பயன்படுத்தினால், உரத்தைக் காப்பாற்றவும் செய்யும். நிற்கும் நீரில் யூரியாவை வீசாமல், நீர் வற்றிய மண்ணில், அடுத்த பாய்ச்சலுக்குச் சற்று முன்பு இட்டு, உடனே நீர் பாய்ச்சினால், அந்த நீரே யூரியாவைக் கரைத்து மண்ணுக்குள் இழுத்துச் செல்லும். நீர்ப்பரப்பில் அம்மோனியாவாகப் பறப்பது குறையும். பாய்ச்சும் நாளும் உரமிடும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும் என்ற இந்த ஒரு வரிதான், அந்த இரு தலைப்புகளுக்கும் நடுவே எழுதப்பட வேண்டியது.

மண்ணையும் மறந்துவிடக் கூடாது. காவிரிப் படுகையின் கனத்த களிமண்ணை அளவுக்கு மீறிக் காயவிட்டால் வெடிப்பு விழும். மறுபடி பாய்ச்சும் நீர் வெடிப்பின் வழியே கீழே ஓடிவிடும். மிச்சம் பிடித்தது அங்கே செலவாகிவிடும்.

புட்டியில் அடங்குமா மூட்டை?

தழைச்சத்து இழப்பைத் தடுக்க வேறு வழிகளும் முயலப்பட்டுள்ளன. நம் நாட்டில் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. யூரியாவுடன் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடும் பழக்கத்தின் தொழிற்சாலை வடிவம் இது. வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் அம்மோனியா ஆவியாகப் பறப்பதை அது தடுப்பதில்லை. ஆகவே 'வேம்பு பூசிய யூரியாதானே' என்று நிற்கும் நீரில் வீசுவது, ஒரு கதவை அடைத்து மற்றொன்றைத் திறந்து வைப்பதாகும்.

வங்காளதேசத்தில் வேறொரு வழியைக் கையாண்டனர். யூரியாவைச் சிறு கட்டிகளாக அழுத்தி, நான்கு நாற்றுக் குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தனர். ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் அம்மோனியம் பத்திரமாக இருந்தது; மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சமாயிற்று. ஆயினும் கட்டி கட்டியாகக் கையால் புதைக்கும் உழைப்புக்கு ஆள் வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்கும் இது ஒத்துவராது.

2021-இல் 'நானோ யூரியா' என்னும் திரவம் இந்தியச் சந்தைக்கு வந்தது. அரை லிட்டர் புட்டி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக் கணக்கே போதும். அப்போது வந்த திரவத்தில் நைட்ரஜன் 4 விழுக்காடு. அரை லிட்டரில் 20 கிராம். மூட்டையிலோ 20.7 கிலோ, அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல். ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் எடுக்க வேண்டும். அப்படியானால் 20 கிராம் ஏறத்தாழ ஒரு கிலோ நெல்லுக்குத்தான் காணும். இலை ஒரு துளியும் வீணாக்காமல் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டாலும் கணக்கு மாறாது. பின்னர் செறிவு கூட்டிய வகைகள் வந்தன. ஐந்து மடங்கு கூட்டினாலும் 100 கிராம்தானே? இலைவழி ஊட்டம், பயிர் சற்று வெளிறிய நேரத்தில் கைகொடுக்கலாம். மண்வழி உணவுக்கு அது மாற்றாகாது. இல்லாத நைட்ரஜனை எந்தத் தொழில்நுட்பமும் உண்டாக்கிவிட முடியாது.

யாருக்காகச் சொல்லும் அறிவுரை?

இவ்வளவையும் படித்த நீங்கள், "அப்படியானால் உழவர்கள் ஏன் கேட்பதில்லை?" என்று வினவலாம். அவர்களுடைய அறியாமை என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அது நியாயமன்று.

நிற்கும் நீர் உழவருக்கு ஒரு காப்பீடு. அது களையை அடக்குகிறது. அடுத்த முறை வாய்க்காலில் நீர் எப்போது வரும் என்று தெரியாதபோது, வந்த நீரைக் கட்டி வைப்பதே விவேகம். சொந்த மோட்டார் வைத்திருப்பவர் குழாயைப் பார்த்துப் பாய்ச்சலாம். வயலுக்கு வயல் நீர் பாயும் ஊரில், மேல் வயல்காரர் திறக்கும் நாளில்தான் கீழ் வயல்காரருக்கு நீர். அவருடைய யூரியா தம் வயலில் தங்குமா, அண்டை வயலுக்கு ஓடுமா என்பதுகூட அவர் கையில் இல்லை. கடைமடைக்காரருக்கோ நீர் வருவதே கேள்வி. இவர்கள் எல்லாருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

உரத்திலும் இதே கதைதான். 2010-இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு மானிய முறை மாற்றப்பட்டபோது, யூரியா மட்டும் விலைக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏற, யூரியா மலிவாகவே நின்றது. மலிவானதைக் கூடுதலாக இடுவதும், நடவு நேரத்தில் தட்டுப்பாடு வருமோ என்று அஞ்சிக் கிடைத்தபோதே வாங்கி வீசிவிடுவதும் மனித இயல்பு. விலையால் ஒரு பக்கம் இழுத்துவிட்டு, துண்டுப் பிரசுரத்தால் மறுபக்கம் இழுத்தால், எது வெல்லும்?

ஆகவே நம் விமர்சனம் உழவரை நோக்கியது அன்று. அறிவுரை வகுப்போரை நோக்கியது. நீர் முறையை முன்கூட்டியே அறிவியுங்கள். முறை நாளுக்கு முன் உரம் கிடங்கில் இருக்கச் செய்யுங்கள். வயலுக்கு வயல் பாயும் ஊர்களில், தனித்தனி உழவரோடு பேசாமல் ஒரு மடையின்கீழ் உள்ள அனைவரோடும் பேசுங்கள். இவை இல்லாமல் குழாயையும் அட்டையையும் மட்டும் வழங்கினால், அவை கண்காட்சிப் பொருள்களாகவே நின்றுவிடும்.

மாணவர்கள் இதைத் தம் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு வயல் மண்ணை இட்டு, மேலே நான்கு விரற்கடை நீர் ஊற்றி, வெளிச்சத்தில் இரண்டு வாரம் வையுங்கள். மேலே மெல்லிய பழுப்பு அடுக்கும், கீழே சாம்பல் நிறச் சேறும் பிரிந்து தெரியும். நீரில் பாசி படர்ந்தபின், விடியற்காலையிலும் நண்பகலிலும் பி.எச். தாளை நனைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ஊரில் உரமிடும் நாளன்று வயலுக்குப் போய், வரப்பில் நின்று நீர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். விழும் உரம் எங்கே போகும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.